ஜேனி என்றொரு சுமைக்காரன்

போன மாதம் மகளின் பள்ளிக்கூட டைரியில் ஆங்கில டீச்சர் இரண்டு வரி எழுதியிருந்தார். பாடத்தில் குறையில்லை, ஆனால் வகுப்பில் ஜேனியாக (zany) நடந்துகொள்கிறாள், வீட்டில் பேசவும் என்று. நாலாம் வகுப்புப் பிள்ளை. என் மனைவி அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் காட்டி, "இது திட்டா, பாராட்டாங்க?" என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. அங்கங்கே கண்ணில் பட்ட சொல்தான், இருந்தாலும் என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அது வேறு சொல்லாகத் தெரிந்தது.

என்ன பண்ணினாய் என்று அவளையே கேட்டோம். நோட்டுகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். இவள் கழுத்து டையைக் கழற்றிச் சுருட்டி, தலையில் சும்மாடாக வைத்து, அதன்மேல் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு, "வழி, வழி, வழி விடுங்க" என்று குரல் கொடுத்தபடியே வராந்தா முழுக்க இடுப்பை ஆட்டி நடந்து போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்ததும் நோட்டை இறக்கி வைத்துவிட்டு, "ஸ்ஸப்பா" என்று ஒரு பெருமூச்சு வேறு. மூன்று வகுப்புகள் பாடத்தை விட்டுவிட்டு ஜன்னலில் நின்று சிரித்திருக்கின்றன.

அன்றைக்கு ராத்திரி அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு போனேன். போன இடத்தில் என் பெரியப்பாவைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பொருள். வேடிக்கையாக, வழக்கத்துக்கு மாறாக, கொஞ்சம் கிறுக்குத்தனமாக, ஆனால் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும்படியாக இருப்பது. பைத்தியம் இல்லை, கெடுதலும் இல்லை. இதற்கு நேர்ச்சொல் தமிழில் என்ன என்று யோசித்தால் கிறுக்கு, சேட்டை, கோமாளித்தனம் என்று வரிசையாக வரும், ஒன்றும் சரியாகப் பொருந்தாது. கிட்டத்தட்டப் பொருந்துவது எங்கள் பக்கத்துச் சொல்லான குசும்பு. ஆனால் நாங்கள் இருக்கிற இடத்தில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

நாங்கள் இருப்பது பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். கிழக்கே போகிற பஸ் ஏறினால் பொள்ளாச்சி, மேற்கே போகிற பஸ் ஏறினால் பாலக்காடு. 1956 நவம்பரில் கேரளம் உருவாவதற்கு முன்னால் எங்கள் சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்திலும், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, பக்கத்துப் பாலக்காடோ மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. எல்லைக்கோடு பலமுறை நகர்ந்த மண் இது. சொற்களும் அப்படித்தான், வரப்பைத் தாண்டினால் பொருள் மாறிவிடும். நான் கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம், உங்கள் பையனுக்கு ரொம்பக் குசும்பு என்று ஆசையாகச் சொல்லிவிட்டேன். அந்தம்மா முகம் அப்படியே சுருங்கிப் போய்விட்டது. மலையாளத்தில் குசும்பு என்றால் பொறாமை. நல்ல பிள்ளையைப் பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டேன் என்று அவர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. கோயம்புத்தூரில் கொஞ்சலாகச் சொல்கிற சொல், நாற்பது கிலோமீட்டர் மேற்கே வந்தால் குத்தலாகிவிடுகிறது.

சரி, ஜேனிக்கு வருகிறேன்.

இது ஆங்கிலச் சொல்லே இல்லை. இத்தாலியிலிருந்து வந்தது, பதினாறாம் நூற்றாண்டில். அதுவும் சொல்லாக வரவில்லை, ஒரு ஆளின் பெயராக வந்தது. ஜொவான்னி என்பது இத்தாலியில் ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கிற பெயர், நம் யோவான், அருளப்பன், ஜான் எல்லாம் அதே பெயர்தான். ஜொவான்னியைச் செல்லமாகச் சுருக்கினால் ஜான்னி. வெனிஸ் பக்கத்து வட்டாரப் பேச்சில் அந்த 'ஜ' பல்லோரம் உரசுகிற வேறொரு ஒலியாக மாறிவிடும், தமிழில் அதற்கு எழுத்தே கிடையாது. அந்த மாறிய வடிவத்தைத்தான் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே எனக்கு ஒரு சந்தோஷம். நம்மால் அந்த உரசல் ஒலியைச் சொல்ல முடியாததால் மறுபடியும் 'ஜ' போட்டு ஜேனி என்கிறோம். அப்படிச் சொல்லும்போது, தெரியாமலேயே, ஜொவான்னியின் அந்தப் பழைய முதல் எழுத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

யார் அந்த ஜான்னி? இத்தாலிக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பெர்கமோ என்று ஒரு ஊர் இருக்கிறது. 1428-லிருந்து 1797 வரை வெனிஸ் ஆட்சியின்கீழ் இருந்த ஊர். சுற்றிலும் மலை, விளைச்சல் கம்மி. அந்த மலைக் கிராமத்து ஆண்கள் பிழைப்புத் தேடி வெனிசுக்கு இறங்கி வந்தார்கள். கப்பலும் காசும் புரண்ட நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த வேலை மூட்டை தூக்குவது, வீட்டு வேலை, எடுபிடி. அவர்களுடைய மலைப் பேச்சு நகரத்துக்காரர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவர்களின் பசியும் சிரிப்பாக இருந்தது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருக்கும் பொறுமை இல்லை, அதனால் எல்லோரும் ஜான்னி. நம் ஊரில் குப்பன் சுப்பன் என்கிறோமே, அதுபோல.

நகரம் எதைப் பார்த்துச் சிரிக்கிறதோ அது மேடைக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில்தான் இத்தாலியில் தெருவிலும் சந்தையிலும் மேடை போட்டு நடிக்கிற நாடகக் குழுக்கள் உருவாகின. கமேதியா தெல்லார்த்தே என்று இன்றைக்குப் பெயர் சொல்கிறார்கள். பாதுவா நகரத்தில் 1545-ல் எட்டு நடிகர்கள் ஒன்றுசேர்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது, இந்தத் தொழில்முறைக் குழுக்களைப் பற்றிக் கிடைக்கிற பழைய ஆவணம் அது. வசனம் எழுதி வைத்துக்கொண்டு நடிக்க மாட்டார்கள். கதையின் எலும்புக்கூடு மட்டும் இருக்கும், பேச்சும் சிரிப்பும் அங்கேயே பிறக்கும். அதில் வேலைக்காரனாக வருகிறவன் ஜான்னி. தொளதொளவென்று வெள்ளை உடுப்பு, பாதி முகத்தை மறைக்கும் தோல் முகமூடி, அதில் நீண்ட மூக்கு. மூக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு மடையன் என்று கணக்கு. தீராத பசி அவனுக்கு. மேடைக்கு வந்தது முதல் அவன் நினைப்பெல்லாம் சாப்பாடு. அவன் முதலாளி வெனிஸ் வியாபாரி பந்தலோனே, காசைக் கண்ணில் காட்டாத கிழவன், கணுக்கால் வரை நீண்ட கால்சட்டை போட்டுக்கொண்டு வருவான். அந்தக் கால்சட்டைக்கு அவன் பெயரே ஒட்டிக்கொண்டு, பிரான்ஸ் போய், இங்கிலாந்து போய், கடைசியில் பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் நாம் 'பேண்ட்' என்று கேட்டு வாங்குகிறோம். முதலாளியின் பெயர் நம் இடுப்பில், வேலைக்காரனின் பெயர் என் பிள்ளையின் டைரியில்.

பிறகு ஒரு ஜான்னி இரண்டானான். ஒருத்தன் தந்திரக்காரன், இன்னொருத்தன் வெகுளி. பெர்கமோவில் மலைமேல் ஒரு ஊரும் கீழே ஒரு ஊருமாக இருக்கும், மேலூர்க்காரன் புத்திசாலி, கீழூர்க்காரன் மந்தம் என்று மேடையில் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தந்திரக்காரனுக்கு பிரிகெல்லா என்று பெயர். வெகுளிதான் ஆர்லெக்கீனோ, கட்டம் கட்டமாகப் பலவண்ணத் துணி போட்டுக் குட்டிக்கரணம் அடிக்கிறவன், ஆங்கிலத்தில் ஹார்லெக்வின் ஆனவன். உலகம் முழுக்கப் பரவிய அந்த வண்ணக் கோமாளியின் மூதாதை மூட்டை தூக்க வந்த ஒரு மலைவாசி.

ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பொருள் கொஞ்சம் நகர்ந்தது. அங்கே ஜேனி என்பவன் கோமாளிக்குக் கையாள். பெரிய கோமாளி செய்வதைப் பின்னாலிருந்து கோணல்மாணலாகச் செய்து காட்டுகிறவன். சந்தையில் பெஞ்சுமேல் ஏறி நின்று மருந்து விற்கிற வைத்தியனுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறவனும் அவனே. ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களில் இந்தச் சொல் வருகிறது. ஒன்றில் ஒரு சிடுசிடுப்பான காரியஸ்தர், கோமாளியின் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற பெரிய மனிதர்கள் கோமாளியின் ஜேனிகளைவிட மேலானவர்கள் அல்ல என்கிறார். 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் இதற்கு எழுதிய பொருளும் ஏறக்குறைய அதுதான், தன் அங்க சேஷ்டையாலும் பேச்சாலும் சிரிப்பு மூட்டுவதற்காக வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டவன். வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டவன் என்பதைக் கவனியுங்கள். அதுவரைக்கும் அந்தச் சொல்லுக்குள் ஒரு கூலியாள் உயிரோடு இருக்கிறான். அப்புறம் மெல்ல மெல்ல ஆள் போய்விட்டான், குணம் மட்டும் மிச்சம். இன்றைக்கு ஒரு சட்டை ஜேனியாக இருக்கலாம், ஒரு விளம்பரம் ஜேனியாக இருக்கலாம்.

மருந்து விற்கிறவனின் கையாள் என்று படித்ததும் எனக்குப் பொள்ளாச்சிச் சந்தை கண்முன் வந்துவிட்டது. வியாழக்கிழமை மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போவேன். வட்டமாகக் கூட்டம், நடுவில் மோடி வித்தைக்காரர், தரையில் போர்வை மூடிப் படுத்திருக்கிற பையன். "பையா!" "ஏன்யா!" "சொன்னாச் சொல்லுவியா?" "சொல்லுவேன்யா!" என்று அந்தப் போர்வைக்குள்ளிருந்து வருகிற குரலுக்குக் கூட்டம் மொத்தமும் சிரிக்கும். கடைசியில் தாயத்து விற்கும். அந்தப் பையனுக்கு என் வயதுதான் இருந்திருக்கும். போர்வைக்குள் எவ்வளவு புழுக்கமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைக்கிறேன். நாங்கள் சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

இன்னொன்று என்னை நிறைய நேரம் உட்கார வைத்தது. ஜெர்மனியில் பழைய மேடைக் கோமாளிக்கு ஹான்ஸ்வுர்ஸ்ட் என்று பெயர், ஹான்ஸ் என்றால் யோவான், வுர்ஸ்ட் என்றால் சாசேஜ். இங்கிலாந்தில் ஜாக் புட்டிங். ஜாக் என்பதும் ஜானின் செல்லப்பெயர்தான். பிரான்சில் ழான் பொத்தாழ், சூப்பு ஜான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தேசமும் தனக்குப் பிடித்த சாப்பாட்டின் பெயரைக் கோமாளிக்கு வைத்திருக்கிறது என்று 1711-லேயே ஆங்கில எழுத்தாளர் ஜோசப் அடிசன் எழுதிவிட்டார். எனக்குத் தோன்றியது வேறு. இந்த மூன்று ஊரிலும் அவன் பெயர் யோவான், மூன்று ஊரிலும் அவன் பெயரோடு சாப்பாடு ஒட்டியிருக்கிறது. பேருமில்லாத சோறுமில்லாத ஒரு ஆள்தான் எல்லோருக்கும் கோமாளி.

இப்போது பெரியப்பா.

அப்பாவுக்கு மூத்தவர். பதினேழு வயதில் மேற்கே போனார். கேரளத்துக்குள்ளே ஒரு பெரிய அரிசிச் சந்தையில் இருபத்தைந்து வருஷம் மூட்டை தூக்கினார். ஊர் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். அவரோடு எங்கள் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். அந்தச் சந்தையில் அவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் பாண்டி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்று அர்த்தம், பாண்டிய நாடு என்ற பெரிய பெயர்தான், ஆனால் அங்கே அது சொல்லப்படுகிற விதம் வேறு. எங்கள் ஊர் கேரளத்துக்குள்தான் இருக்கிறது என்று பெரியப்பா சொல்லிப் பார்த்திருக்கிறார். பேச்சு தமிழாக இருந்தால் பாண்டிதான். கடைக் கணக்குப் புத்தகத்தில் கூலி எழுதும்போது 'பாண்டி ஒண்ணு, பாண்டி ரெண்டு' என்று எழுதுவார்களாம். இவர் மூணு. இருபத்தைந்து வருஷத்தில் தன் பெயரை அந்தப் புத்தகத்தில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்றைக்கு அதே மாதிரிச் சந்தைகளில் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பையன்கள் மூட்டை தூக்குகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், பாயி. நம் பக்கம் வந்தால் வடக்கன். நாமும் யாரையும் பெயர் கேட்பதில்லை.

அந்த இருபத்தைந்து வருஷக் கதையில் பெரியப்பா அதிகம் சொல்வது ராத்திரிகளைப் பற்றி. வேலை முடிந்து, சாக்குகளின்மேல் உட்கார்ந்து, சட்டியில் சோறு வேகிற நேரத்தில் இவர் முதலாளியைப் போல நடந்து காட்டுவாராம். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, மூட்டைகளை எண்ணுகிறபோது ஒன்றைக் கணக்கில் விழுங்கிவிட்டு எச்சில் முழுங்குகிற மாதிரி. சிரித்துச் சிரித்துப் பசி தெரியாதாம். அரிசி வேகிற வரைக்கும் அதுதான் ஆகாரம் என்றார். பந்தலோனேயைப் போல நடந்து காட்டுகிற ஜான்னியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. பசியும் முதலாளியும் இருக்கிற எல்லா இடத்திலும் அந்த நாடகம் தானாகவே தொடங்கிவிடுகிறது போல.

எங்கள் மண்ணிலேயே அந்த நாடகம் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் பொறாட்டு நாடகம் போடுவார்கள். பாணர்கள் கட்டிக் காத்துவருகிற கலை. உழைப்பாளிச் சாதியினர்தான் பாத்திரங்கள், ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக வருவார்கள். பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். கூடவே சோத்யக்காரன் என்று ஒருத்தர் நிற்பார், கேள்வி கேட்கிறவர். வருகிற ஒவ்வொருத்தரையும் நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று மடக்கி மடக்கிக் கேட்பார், அந்தக் கேள்வியிலிருந்து சிரிப்பு பிறக்கும். சந்தையில் யாரும் கேட்காத கேள்வி அது. நானென்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் மலையாளப் பத்திரிகையைத் திறந்தால், அரசியல்வாதி எவனாவது பித்தலாட்டம் செய்தால் அதற்குப் பெயர் 'பொறாட்டு நாடகம்'. கலையின் பெயர் வசவாகிவிட்டது. நாமும் கூத்தடிக்கிறான் என்று சொல்கிறோம். தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்தில் சிரிக்க வைக்கிறவருக்குப் பபூன் என்று பெயர், அந்தச் சொல்லும் இத்தாலியில் கிளம்பி பிரான்ஸ், இங்கிலாந்து வழியாக நம் மேடையில் வந்து ஏறியதுதான். அதையும் வசவாகத்தான் வைத்திருக்கிறோம்.

இதே மாவட்டத்தில், பட்டாம்பிப் பக்கம், நேரெதிராகவும் ஒன்று இருக்கிறது. நாராணத்துப் பிராந்தன். நாள் முழுக்கப் பெரிய பாறையை ராயிரநெல்லூர் மலைமேல் உருட்டிக்கொண்டு போய், உச்சியிலிருந்து கீழே விட்டுவிட்டு, அது உருண்டோடுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தவர் என்று கதை. ஒருநாள் சுடுகாட்டில் காளி எதிரே வந்து வரம் கேள் என்றாளாம். என் சாவை ஒருநாள் தள்ளிப்போடு என்றார், முடியாது என்றாள். ஒருநாள் முன்னால் வரவழை என்றார், அதுவும் முடியாது. சரி, இடது காலில் இருக்கிற யானைக்காலை வலது காலுக்கு மாற்றிவிடு என்றாராம். அந்தப் பிராந்தனுக்கு மலைமேல் சிலை இருக்கிறது. துலாம் மாதம் முதல் தேதி ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மலை ஏறுகிறார்கள். பிராந்தன் என்றால் பைத்தியக்காரன். அந்தச் சொல் அவர் பெயரோடு சேர்ந்ததும் கும்பிடுகிற சொல்லாகிவிட்டது. ஜான்னிக்கு அப்படி ஒரு மலை கிடைக்கவில்லை.

டைரியில் என்ன பதில் எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். டீச்சர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, சிறு வயதுக்காரர், பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். கடைசியில், "வகுப்பு நேரத்தில் சத்தம் போட மாட்டாள். நடந்து காட்டியது அவளுடைய அப்பாருவின் தொழில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாத்தாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். பெரியப்பாவின் பெயரை முழுசாக, இனிஷியலோடு, அதற்குக் கீழே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். எழுபத்தி ஆறு வயது, கழுத்து எலும்பு தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். மகள் டையைச் சுருட்டித் தலையில் வைத்து நடந்து காட்டினாள். நான் சிரித்தேன், என் மனைவி சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, தரையப் பாக்காத. பத்தடி முன்னால பாரு. தரையப் பாத்தா மூட்டை முன்னால வந்துரும்."

"ஏனுங்கப்பாரு, இடுப்ப ஆட்டலாமுங்களா?"

"ஆட்டோணும். ஆட்டலீன்னா பாரம் முட்டில எறங்கும். அது வேடிக்கைக்கு ஆட்டறது இல்லீடா."

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, அவள் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். "டை வழுக்கும் சாமி. துண்டுதான் நிக்கும்."